நீக்கிய குறுஞ்செய்தி மறுபடி தலைகாட்டுகிறதா? அறிகுறியை வைத்து நகலைப் பிடிக்கும் வழி

போனில் ‘டெலீட்’ அழுத்தினால் குறுஞ்செய்தி தொலைந்தது என்று நினைக்கிறோம். தொலைந்தது ஒரு நகல்தான். அதே செய்தி செயலியின் குப்பைக்கூடையில், சிம் கார்டில், கூகுள் அல்லது ஐகிளவுட் பேக்கப்பில், எப்போதோ கணினியில் எடுத்து வைத்த பேக்கப்பில், இணைத்து வைத்த டேப்லெட்டில் என்று வேறு எங்காவது உட்கார்ந்திருக்கலாம். எது மிச்சம் இருக்கிறது என்பதை, செய்தி எப்போது, எங்கே, எப்படித் திரும்பி வருகிறது என்பதே காட்டிக்கொடுக்கும். அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்குகிறோம்.

வரிசை முக்கியம். குழாயை மூடாமல் தொட்டியைக் காலி செய்ய முடியாது. முதலில் பேக்கப், சிங்க் (போனில் இருப்பதையும் கிளவுடில் இருப்பதையும் தானாக ஒன்றாக்குவது) இரண்டையும் நிறுத்துங்கள். பிறகு போனில் நீக்குங்கள், குப்பைக்கூடையைக் காலி செய்யுங்கள், பழைய பேக்கப்பை நீக்குங்கள். கடைசியாகத்தான் புதிய பேக்கப். கீழே வரும் கோளாறுகளில் பல இந்த வரிசை தலைகீழானதால் வருபவை.

இன்னொன்று. பண மோசடி, மிரட்டல் சம்பந்தப்பட்ட செய்தி என்றால் எதையும் தொடாதீர்கள். இந்தியாவில் 1930 என்ற எண்ணில் புகார் கொடுக்கும்போது அந்தச் செய்திதான் ஆதாரம். விசாரணையில் கேட்கக்கூடிய மின்பதிவை வேண்டுமென்றே அழிப்பது தனியாக ஒரு குற்றம்.

நீக்கியது சிறிது நேரத்தில் அல்லது மறுநாள் திரும்பி வருகிறது

முதலில் திரும்பி வந்த செய்தியின் தேதி, நேரத்தைப் பாருங்கள். நேரம் புதிதாக இருந்தால் அது பழைய நகல் அல்ல, மறுபடி அனுப்பப்பட்ட செய்தி. செய்தி கிடைத்ததற்கான ஒப்புகை உங்கள் போனிலிருந்து நெட்வொர்க்குக்குப் போய்ச் சேராவிட்டால், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையம் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். சிக்னல் மோசமான இடத்தில் ஒரே செய்தி மூன்று நான்கு முறை வருவது இதனால்தான். நல்ல சிக்னல் உள்ள இடத்துக்குப் போய் போனை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

நேரம் பழையதாகவே இருந்தால் இரண்டு செயலிகள் ஒரே வேலையைச் செய்கின்றனவா என்று பாருங்கள். 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல், போனின் குறுஞ்செய்திக் களஞ்சியத்தில் எழுதவும் அழிக்கவும் ஒரே ஒரு செயலிக்குத்தான் உரிமை. ‘டீஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப்’ என்று எதை வைத்திருக்கிறீர்களோ அதற்கு. மற்ற செயலிகளுக்குப் படிக்கும் அனுமதி இருக்கலாம், அழிக்கும் உரிமை கிடையாது. கூகுள் மெசேஜஸ், ட்ரூகாலர், போன் நிறுவனத்தின் சொந்தச் செயலி என்று மூன்றும் இருக்கிற போனில் உரிமை இல்லாத செயலியில் நீக்கினால் அதன் சொந்தப் பட்டியல்தான் சுத்தமாகும். களஞ்சியம் அப்படியே இருக்கும்.

செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ், எஸ்எம்எஸ் ஆப் என்று போய் எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். அந்தச் செயலியில் நீக்குங்கள். மற்ற செயலிகளின் எஸ்எம்எஸ் அனுமதியை எடுத்துவிடுங்கள், அவை தனியாகச் சேர்த்து வைத்த பிரதியை அழிக்க அவற்றின் ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் ‘கிளியர் டேட்டா’ கொடுங்கள். அந்தச் செயலியின் மற்ற அமைப்புகளும் அதோடு போகும், தெரிந்தே செய்யுங்கள்.

அதுவும் இல்லை என்றால் போன் நிறுவனத்தின் கிளவுட் சிங்க். பல ஷாவ்மி போன்களில் ஷாவ்மி கிளவுடுக்குள் மெசேஜஸ் என்ற சுவிட்ச் இருக்கும். சிங்க் பாதியில் நின்று மறுபடி தொடங்கினால் போனில் நீக்கியதை மேலே கிளவுடிலிருந்து திருப்பி இறக்கிவிடும். சுவிட்சை அணைத்து, போனில் நீக்கி, கணினி உலாவியில் அதே கணக்கில் நுழைந்து அங்கேயும் நீக்குங்கள். மேலே இருப்பதை விட்டுவிட்டு சிங்க்கை மறுபடி போட்டால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

பட்டியலில் இல்லை, தேடினால் வருகிறது

நீக்கவில்லை, ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். கூகுள் மெசேஜஸில் உரையாடலை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் வழக்கமாக நடப்பது ‘ஆர்க்கைவ்’. கண்ணில் படாது, அவ்வளவுதான். மேலே உள்ள கணக்குப் படத்தைத் தொட்டு ‘ஆர்க்கைவ்ட்’ திறந்தால் மாதக்கணக்கில் தள்ளியதெல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். அங்கே நீண்ட நேரம் அழுத்தித் தேர்வு செய்து குப்பைத்தொட்டிப் படத்தைத் தொடுங்கள். தள்ளினால் நீக்க வேண்டும் என்று விரும்பினால் மெசேஜஸ் செட்டிங்ஸில் ‘ஸ்வைப் ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் மாற்றலாம். ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றுவது நல்லது, கை தவறும்.

‘ஸ்பேம் அண்ட் பிளாக்ட்’ பகுதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். தடுத்த எண்ணிலிருந்து வந்தவை அங்கே சேர்ந்துகொண்டே இருக்கும். ஐகானின் மேல் ‘1’ என்ற எண் போகாமல் நிற்கிறது, உள்ளே படிக்காத செய்தி எதுவும் இல்லை என்றால், அந்த ஒன்று ஆர்க்கைவிலோ ஸ்பேமிலோ இருக்க வாய்ப்பு அதிகம். ஐபோனில் இது தெரியாத எண்கள் ஒதுங்கும் பட்டியலில் கிடக்கும்.

சாம்சங் மெசேஜஸில் நீக்கியது ‘டிராஷ்’ என்ற இடத்துக்குப் போய் 30 நாள் இருக்கும். மூன்று புள்ளிகளைத் தொட்டு, டிராஷ் திறந்து, ‘எம்ப்டி’ கொடுங்கள். ஐபோனில் 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் ‘ரீசன்ட்லி டெலிட்டட்’ உண்டு. மெசேஜஸ் முகப்பில் ‘எடிட்’ அல்லது வடிகட்டிப் பொத்தானைத் தொட்டால் அது தெரியும். அங்கேயும் கணக்கு 30 நாள், முழுதாக அழிய 40 நாள் வரை ஆகலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. போனை இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு முன் நீக்குபவர்கள் மறக்கிற இடம் இது.

நீக்கக் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, செயலி உறைகிறது

பத்து வருடமாக ஒரே எண்ணில் வந்த வங்கிச் செய்திகள் பல ஆயிரம் இருந்தால் இப்படி ஆகும். ஒவ்வொரு செய்தியையும் களஞ்சியத்திலிருந்து எடுத்து, உரையாடலின் எண்ணிக்கையையும் தேடல் பட்டியலையும் திருத்த வேண்டும். இடையில் செயலியை மூடினால் பாதி நீங்கி, பாதி நிற்கும். ‘நீக்கியது திரும்பி வந்தது’ என்ற புகார்களில் ஒரு பகுதி உண்மையில் இப்படி நின்றுபோன மிச்சம்தான்.

சார்ஜரில் போடுங்கள், திரை அணையும் நேரத்தை 10 நிமிடமாக்குங்கள், ஏர்பிளேன் மோடு போடுங்கள் (நடுவில் புதிய செய்தி நுழையாது), நீக்கக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் உரையாடலுக்குள் போய்ச் சில நூறு செய்திகளாகத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மெசேஜஸ் செயலியின் டேட்டாவை ‘கிளியர்’ செய்தால் எல்லாம் போய்விடும் என்று நினைப்பது. எஸ்எம்எஸ் எதுவும் போகாது, செயலியின் அமைப்புகள்தான் போகும். செய்திகள் இருப்பது வேறு ஒரு சிஸ்டம் செயலியின் வசம். ஆப்ஸ் பட்டியலில் ‘ஷோ சிஸ்டம்’ கொடுத்தால் ‘போன் அண்ட் மெசேஜிங் ஸ்டோரேஜ்’ என்ற மாதிரிப் பெயரில் தெரியும். அதன் டேட்டாவை அழித்தால் மொத்தச் செய்தியும் ஒரே அடியில் காலி. ஆனால் மொபைல் டேட்டாவுக்கான ஏபிஎன் அமைப்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் கையால் போட்டு வைத்த ஏபிஎன் போய்விடும், நெட் வராது. எல்லாவற்றையும் அழிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் ஏபிஎன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். ஒன்றிரண்டு உரையாடலுக்காக இதைத் தொடவே கூடாது.

‘சிம் கார்டு நிரம்பிவிட்டது’ என்று எச்சரிக்கை

போனில் எத்தனை நீக்கினாலும் இது போகாது, ஏனென்றால் இது வேறு அலமாரி. சிம்முக்குள் குறுஞ்செய்திக்கென்று சில பத்து அறைகள் மட்டுமே உண்டு, ஒவ்வொன்றும் 176 பைட். ஓர் அறையில் செய்தியின் ஒரு துண்டுதான் அடங்கும். ஆங்கிலத்தில் ஒரு துண்டு 160 எழுத்து, தமிழில் 70. நீண்ட செய்தியைத் துண்டாக்கும்போது தமிழுக்குக் கிடைப்பது 67. அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும்: நாம் ஐந்து எழுத்தாகப் படிக்கும் ‘வணக்கம்’ அங்கே ஏழு. ஆகவே நாலு வரித் தமிழ்ச் செய்தி ஒன்றே மூன்று நான்கு அறையைப் பிடித்துக்கொள்ளும்.

மெசேஜஸ் செட்டிங்ஸில், சிம்முக்கான கூடுதல் அமைப்புகளுக்குள் ‘சிம் கார்டு மெசேஜஸ்’ என்று இருக்கும். திறந்து அங்கேயே நீக்குங்கள். இரண்டு சிம் என்றால் இரண்டிலும் பாருங்கள். சாதாரண பட்டன் போனிலிருந்து எடுத்த பழைய சிம்மில் இது அடிக்கடி வரும், அந்தப் போன்கள் சிம்மில் சேமிக்கும் வழக்கம் உள்ளவை. பட்டன் போன் ஒன்று கையில் இருந்தால் சிம்மை அதில் போட்டு நீக்குவது இன்னும் எளிது. ஐபோன் சிம்மில் செய்தியைச் சேமிப்பதே இல்லை.

புதிய போன் வாங்கியதும் பழையதெல்லாம் உயிர்பெற்று வருகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். காரணமும் ஒன்று அல்ல.

முதலில், எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடியுங்கள். பழைய போனை கேபிளில் மாட்டி நேரடியாக மாற்றினீர்களா? அப்படியானால் செய்தி பழைய போனிலேயே (ஆர்க்கைவில்) இருந்திருக்கிறது. பழைய போன் இல்லாமலே வந்ததா? அப்போது பேக்கப்.

கூகுள் பேக்கப்பை செட்டிங்ஸ், கூகுள், பேக்கப் என்ற இடத்தில் காணலாம். போன் சார்ஜில், வைஃபையில், சும்மா இருக்கும்போது தானாக நடக்கும். இதற்குள் எந்தச் செய்தி இருக்கிறது என்று திறந்து பார்க்க வழி இல்லை, ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துப் போடவும் வழி இல்லை. அந்தப் போனின் பேக்கப் முழுவதையும் நீக்குவது ஒன்றுதான் நம்பிக்கையான வழி. அதோடு அழைப்புப் பட்டியல், செயலிகளின் தரவு, வைஃபை அமைப்பு எல்லாம் போகும். கூகுள் போட்டோஸில் ஏற்றிய படங்கள் தனிக்கணக்கு, அவை போகாது.

செய்ய வேண்டிய முறை: பேக்கப்பை நிறுத்துங்கள். போனில் செய்திகளை நீக்கி, ஆர்க்கைவ், டிராஷ் இரண்டையும் காலி செய்யுங்கள். கூகுள் டிரைவ் செயலியின் பக்கப் பட்டியலில் ‘பேக்கப்ஸ்’ திறங்கள். உங்கள் பெயரில் உள்ள ஒவ்வொரு போனும் தனித்தனியாக இருக்கும். எப்போதோ விற்ற போன்கூட இருக்கலாம். ஒரு போனை 57 நாள் பயன்படுத்தாவிட்டால் அதன் பேக்கப்பை கூகுளே கழித்துவிடும் என்பது விதி, அதற்கு முன்னால் புதிய போனில் மீட்டால் வந்துவிடும். தேவையில்லாத ஒவ்வொன்றின் அருகிலும் மூன்று புள்ளிகள், ‘டெலீட் பேக்கப்’. பிறகு செட்டிங்ஸ் பக்கம் திரும்பி பேக்கப்பை மறுபடி போட்டு ‘பேக்கப் நவ்’ கொடுங்கள். இப்போது உருவாவது சுத்தமான பிரதி.

இனி மறைவிடங்கள். எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் போன்ற செயலியை எப்போதாவது நிறுவியிருக்கிறீர்களா? அது செய்திகளை எக்ஸ்எம்எல் கோப்பாகப் போனின் ஃபோல்டரிலும், சொல்லியிருந்தால் டிரைவ் அல்லது டிராப்பாக்ஸிலும் நாள்தோறும் போட்டு வைத்திருக்கும். செயலியை நீக்கினாலும் டிரைவில் உள்ள கோப்பு நீங்காது. இந்தக் கோப்புகள் கூகுள் பேக்கப்பைவிட ஆபத்தானவை: கடவுச்சொல் போட்டுப் பூட்டாமல் இருந்தால் எந்த உலாவியிலும் திறந்து வரி வரியாகப் படிக்கலாம். டிரைவில் எஸ்எம்எஸ் என்று தேடி நீக்குங்கள், டிரைவின் குப்பைக்கூடையையும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் அங்கே 30 நாள் நிற்கும். எஸ்எம்எஸ் பேக்கப் பிளஸ் என்ற செயலி இன்னொரு ரகம், செய்திகளை ஜிமெயிலில் ‘எஸ்எம்எஸ்’ என்ற லேபிளின் கீழ் மின்னஞ்சலாகவே கொட்டிவிடும். ஜிமெயில் குப்பைக்கும் அதே 30 நாள்.

டிரைவில் கண்ணுக்குத் தெரியாமல் சேமிக்கும் செயலிகளும் உண்டு. கணினியில் டிரைவ் திறந்து, செட்டிங்ஸ், ‘மேனேஜ் ஆப்ஸ்’ போனால் அந்தச் செயலிகளின் பட்டியல் வரும். சம்பந்தப்பட்ட செயலிக்கு எதிரே ‘ஆப்ஷன்ஸ்’, ‘டெலீட் ஹிடன் ஆப் டேட்டா’. வாட்ஸ்அப்புக்கு எதிரே இதை அழுத்திவிடாதீர்கள்.

சாம்சங் போனாக இருந்தால் ‘அக்கவுண்ட்ஸ் அண்ட் பேக்கப்’ பகுதியில் சாம்சங் கிளவுட் தனி பேக்கப் வைத்திருக்கும். ஸ்மார்ட் ஸ்விட்ச் கொண்டு கணினியிலோ மெமரி கார்டிலோ எடுத்தது இருந்தால் அது இன்னொன்று. போன் மாற்றும் நாளில் கடைக்காரர் தன் கணினியில் எடுத்த பேக்கப்பும் இந்தக் கணக்கில் வரும். அதை நீக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஐபோனில் நீக்கினேன், ஐபேடிலும் மேக்கிலும் அப்படியே இருக்கிறது

‘மெசேஜஸ் இன் ஐகிளவுட்’ அணைந்திருக்கிறது. 2018-இல் ஐஓஎஸ் 11.4-உடன் வந்த வசதி இது. இது இயங்கினால் ஒரு சாதனத்தில் நீக்கியது எல்லாச் சாதனத்திலும் நீங்கும். அணைந்திருந்தால் ஒவ்வொன்றும் தன் பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் மேலே உங்கள் பெயர், ஐகிளவுட், மெசேஜஸ் என்று போய் எல்லாச் சாதனத்திலும் ஒரே நிலையில் வையுங்கள்.

இதற்கும் பேக்கப்புக்கும் உள்ள உறவு பலரைக் குழப்புகிறது. சிங்க் இயங்கினால் செய்திகள் ஐகிளவுட் பேக்கப்புக்குள் போகாது, தனியாக ஐகிளவுடில் இருக்கும். சிங்க் அணைந்திருந்தால் பேக்கப்புக்குள் போகும். ஆகவே சிங்க்கை அணைத்துவிட்டு ‘ஐகிளவுடில் எதுவும் இல்லை’ என்று நிம்மதியாக இருந்தால், அன்று இரவே பேக்கப் அவற்றை மேலே ஏற்றிவிடும்.

ஐகிளவுடில் உள்ளதை மொத்தமாக அழிக்க, அதே மெசேஜஸ் பக்கத்தில் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’, ‘டிஸேபிள் அண்ட் டெலீட்’. மனம் மாறினால் திரும்பப் பெற 30 நாள் அவகாசம் தருவார்கள், அதாவது உடனே அழியாது. பேக்கப்பை நீக்க, ஐகிளவுட் ஸ்டோரேஜ் பட்டியலில் ‘பேக்கப்ஸ்’, சாதனத்தின் பெயர், ‘டெலீட்’. பேக்கப் சுவிட்சை வெறுமனே அணைத்தால் கடைசிப் பிரதியை 180 நாள் வைத்திருப்பார்கள். அணைப்பது வேறு, நீக்குவது வேறு.

கணினியில் எடுத்தது இருந்தால், மேக்கில் ஃபைண்டர் திறந்து ஐபோனைத் தேர்ந்து ‘மேனேஜ் பேக்கப்ஸ்’, வலது சொடுக்கில் டெலீட். விண்டோஸில் ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலிக்குள் அதே பெயர் இருக்கும். டைம் மெஷின் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும், மேக்கில் இருந்த ஐபோன் பேக்கப்பும் அதற்குள் நகலாகியிருக்கும்.

நீக்கியும் போனில் இடம் கூடவில்லை

கூடாது. ஒரு லட்சம் வெறும் எழுத்துச் செய்திகள் சேர்ந்தாலும் சில பத்து எம்பிதான். இடத்தைத் தின்பது படமும் வீடியோவும். ஐபோனில் ஜெனரல், ஐபோன் ஸ்டோரேஜ், மெசேஜஸ் பகுதியில் பெரிய இணைப்புகளை அளவு வரிசையில் காட்டும், அதிலிருந்து நீக்குங்கள். அப்போதும் ‘ரீசன்ட்லி டெலிட்டட்’ காலியாகாமல் இடம் திரும்பாது.

நீக்க நீக்கக் குவிகிறது என்பவர்களுக்கு: கூகுள் மெசேஜஸில் ஓடிபி செய்திகளை 24 மணி நேரத்தில் தானாக நீக்கும் சுவிட்ச் இந்தியாவில் உண்டு. ஐபோனில் ‘கீப் மெசேஜஸ்’ 30 நாள் அல்லது 1 வருடம் என்று வைக்கலாம், ஆனால் அது வேண்டியது வேண்டாதது பார்க்காமல் எல்லாவற்றையும் கழிக்கும். மொத்தமாக அனுப்பப்படும் செய்திகளில் அனுப்புநர் பெயரின் கடைசியில் இப்போது ஓர் ஆங்கில எழுத்து வருகிறது: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. பி என்று முடிவதை யோசிக்காமல் நீக்கலாம். டி-யைக் கணக்கு முடியும் வரை வைத்திருங்கள்.

செய்தி இல்லை, ஆனால் அதன் வாசகம் எங்கோ தெரிகிறது

ஆண்ட்ராய்டு 11 முதல் ‘நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி’ என்ற வசதி உண்டு. அதை ஆன் செய்திருந்தால் கடந்த 24 மணி நேர அறிவிப்புகள் வாசகத்தோடு அங்கே இருக்கும். அணைத்தால் அழியும். கைக்கடிகாரத்தில் நிற்கும் அறிவிப்பை அங்கேயே தள்ளிவிடுங்கள். அலுவலகக் கணினியில் கூகுள் மெசேஜஸ் வலைப்பக்கத்தை இணைத்து மறந்திருந்தால், போனில் கணக்குப் படம், ‘டிவைஸ் பேரிங்’ திறந்து இணைப்பைத் துண்டியுங்கள்.

போனை விற்கிறேன், மீட்பு மென்பொருள் எடுத்துவிடுமா?

செய்திகள் ஒரு தரவுத்தளக் கோப்பில் வரிகளாக இருக்கின்றன. ஒரு வரியை நீக்கினால் அந்த இடம் ‘காலி’ என்று குறிக்கப்படலாம், மேலே புதியது எழுதப்படும் வரை பழைய எழுத்துகள் அங்கே கிடக்கவும் கூடும். மீட்பு மென்பொருள்கள் பிழைப்பது இதில்தான். ஆனால் அண்மைக்காலப் போன்களில் சேமிப்பு முழுதும் குறியாக்கம் செய்யப்பட்டது. ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் திறவுகோலே அழிந்துவிடும், மிஞ்சுவது படிக்க முடியாத குப்பை. ஆகவே விற்கும்போது ஒவ்வொரு செய்தியாக நீக்கிக்கொண்டிருக்காதீர்கள். கணக்கிலிருந்து வெளியேறி, ஐபோன் என்றால் ‘இரேஸ் ஆல் கன்டென்ட்’, ஆண்ட்ராய்டு என்றால் ‘இரேஸ் ஆல் டேட்டா’. சிம்மையும் மெமரி கார்டையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள், ரீசெட் சிம்மைத் தொடாது.

எதிராளியின் போனிலிருந்து நீக்க முடியவில்லை

சாதாரண எஸ்எம்எஸ் என்றால் முடியாது. ஐமெசேஜ் (ஆப்பிள் சாதனங்களுக்கு இடையே இணையம் வழியாகப் போகும் செய்தி) என்றால் அனுப்பிய 2 நிமிடத்துக்குள் ‘அன்டூ சென்ட்’ கொடுக்கலாம், எதிர்முனையிலும் ஐஓஎஸ் 16 அல்லது அதற்குப் பின் வந்தது இருந்தால்தான் பலிக்கும்.

தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பக்கம் யார், யாருக்கு, எப்போது அனுப்பினார் என்ற பதிவு இருக்கும். 2021 டிசம்பரில் செய்த உரிம விதித் திருத்தத்தின்படி இந்தியாவில் அந்தப் பதிவுகளைக் குறைந்தது 2 வருடம் வைத்திருக்க வேண்டும். அது செய்தியின் வாசகம் அல்ல. உங்கள் போனில் எதை அழுத்தினாலும் அந்தப் பதிவு மாறாது.